கிளி எடுத்துக் குடுத்த வார்த்தை

இருங்க, இருங்க, அப்படியே ஒக்காந்துராதீங்க. இந்தாங்க, இந்தப் பேப்பர்ல ஒரு தொடப்பு தொடச்சுட்டு ஒக்காருங்க. எந்த மகராசன் எதைத் தின்னுட்டு எங்க கையத் தொடச்சானோ. அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க, சுண்ணாம்பு. வெத்தலை போட்டவன் வெரலை அதுல தேச்சுட்டு எறங்கிப் போயிட்டான். அவனுக்கென்ன? அதுல மொகத்தை வெச்சுச் சாயறவன் நாமதான?

நீங்க எதுவரைக்கும்? கரூரா. செரி. நான் வெள்ளக்கோயில்ல எறங்கிக்குவேன். மாமனாரு ஊருங்க. விருந்தா? அட நீங்க வேற. விருந்துக்குப் போறவன் மூஞ்சியா இது?

கடலையா? வேண்டாங்க. கோவிச்சுக்காதீங்க, பொட்டலத்துக்குள்ள நீங்க கையை விட்டுட்டீங்க. ஒருத்தரு கை வெச்சதை நான் தொடமாட்டேன். எச்சின்னா எனக்கு ஆகாது, ஒமட்டீட்டு வந்துரும். எங்க ஆபீஸ்ல தண்ணிக் கேனு பக்கத்துல ஒரு சில்வர் டம்ளரு, சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்குது. அண்ணாந்து குடிக்கறேம்பானுக, அத்தனை பேரும் ஒதட்டை வெச்சு உறிஞ்சிட்டு அப்படியே கவுத்து வெச்சுட்டுப் போவானுக. அதைய நான் இன்னை வரைக்கும் தொட்டதில்ல. இதை எதுக்குச் சொல்றன்னா, நான் இன்னிக்கு இந்த பஸ்ல ஒக்காந்திருக்கறதே ஒரு எச்சிச் சமாச்சாரத்தாலதான்.

இந்தப் பையா? லேப்டாப்புங்க. மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா எவனாவது வெங்காய மூட்டையத் தூக்கி அது மேல போடுவான்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு கிரைண்டர் கம்பெனிங்க. பேரு எதுக்கு, விடுங்க. என்ற பேரு திருமூர்த்தி, அது போதும். நான் புகார்ப் பிரிவு. ஜனங்க கிரைண்டர் வாங்கறாங்க. கல்லு தேயுதுன்னு எழுதறாங்க. மாவு கருப்பா வருதுன்னு எழுதறாங்க. மோட்டாரு கருகுன வாசம் வருதுன்னு எழுதறாங்க. வாட்ஸப்புலயும் மெயில்லயும் நான் பதில் எழுதோணும். எழுதறவிங்க ஆயிரம் பேரு, ஆனா வர்ற நோவு என்னமோ கைவெரல்ல எண்ணீரலாம். அப்ப அதே பதிலத்தான திருப்பித் திருப்பி எழுதோணும்?

மத்தவிங்க என்ன பண்ணுவாங்கன்னா, பழைய பதிலு ஒண்ணைத் தேடிப் புடிச்சுக் காப்பி பண்ணி ஒட்டுவாங்க. ஒட்டறப்பப் பழைய ஆளு பேரை மாத்த மறந்துருவாங்க. ஈரோட்டுச் சரஸ்வதிக்கு 'அன்புள்ள அப்துல் காதர் அவர்களுக்கு'ன்னு போகும். ஒருத்தருக்குப் போட்ட எலையத் திருப்பிப் போட்டு இன்னொருத்தருக்குச் சோறு வெக்கற மாதிரி. பாக்கப் பாக்க எனக்கு ஒடம்பே கூசுமுங்க.

அதுக்குத்தான் கிளியைச் செஞ்சேன்.

நெசக் கிளி இல்லீங்க. ஒரு சின்ன புரோகிராம். அதுல படம், பட்டன் ஒண்ணும் கெடையாது. கருப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி, அதுல கட்டளைய அடிக்கோணும், அவ்வளவுதான். கமாண்ட் லைன்னு சொல்லுவாங்க. மருதமலை அடிவாரத்துல கிளி ஜோசியக்காரனைப் பாத்திருப்பீங்க. பேரைச் சொல்லிக் கூப்புட்டா கூண்டுல இருந்து நடந்து வந்து, ஒரு சீட்டை எடுத்துப் போட்டுட்டு, நெல்லு ஒண்ணைக் கொத்தீட்டு உள்ள போயிருமே, அதேதான் இது. 'கிளி எடு கல்லு'ன்னு அடிச்சா, கல்லு தேயறதுக்கு நான் எழுதி வெச்ச பதிலு காப்பி ஆகி வந்து நிக்கும். எங்க வேணுமோ அங்க ஒட்டிக்க வேண்டியதுதான். 'கிளி சேர்'னா புதுசா ஒண்ணைச் சேத்து வெச்சுக்கும். 'கிளி அழி'ன்னா தூக்கி எறிஞ்சுரும். பேரு வர்ற எடத்துல வெறுங்கோடு போட்டு வெச்சிருப்பேன். கூப்புடறப்பவே பேரையும் சேத்து அடிச்சா அது போயி அந்தக் கோட்டுல ஒக்காந்துக்கும். சரஸ்வதிக்குச் சரஸ்வதி, அப்துல் காதருக்கு அப்துல் காதர். சுத்தமான வேலை.

பதிலும் சும்மா எழுதலீங்க. செதுக்கியிருக்கேன். பல்லடத்துல இட்லிக் கடை வெச்சிருக்கற ஒரு அம்மா, பல வருசமா மாவாட்டுன கிரைண்டரு நின்னு போச்சுன்னு எழுதியிருந்தாங்க. நான் என்ன எழுதுனேன் தெரியுங்களா? 'இத்தனை வருஷம் உங்க வீட்டோட வீடா உழைச்சது ஒருநாள் சொல்லாம கொள்ளாம நின்னு போச்சுன்னா, அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும். வாரண்டி முடிஞ்சிருந்தாலும் நாங்க இருக்கோம்.' அந்த அம்மா அழுதுட்டேன்னு பதில் போட்டாங்க. ஒரு கிரைண்டருக்குங்க! அதையக் கிளிகிட்டக் குடுத்து வெச்சேன். 'கிளி எடு மோட்டார்'னா இப்பவும் வரும்.

நல்ல வாக்கியம் ஒண்ணு கெடைச்சா வீணாக்கலாமுங்களா? அதனால வீட்டுக்கும் கொஞ்சம் எழுதி வெச்சிருந்தேன்.

எங்கூட்டுக்காரி பேரு சுகந்தி. வேலை நேரத்துல நான் போன் எடுக்க முடியாது, அவ மெசேஜ் போடுவா. சாப்டீங்களாம்பா. எப்ப வருவீங்கம்பா. ஒரு நாளைக்குக் கோவிச்சுக்குவா, ஒரு நாளைக்குக் கொஞ்சுவா. அதுக்கெல்லாம் சும்மா 'ம்'னு போடற புருசன் இல்லீங்க நானு. கட்டை வெரலைத் தூக்கிக் காட்டற படத்தைப் பொண்டாட்டிக்கு அனுப்பறானே, அவனைக் கண்டாலே அந்த வெரலை ஒடைக்கலாம்னு வரும் எனக்கு. காலையில எந்திரிச்சதும் ரோசாப்பூவுல காலை வணக்கம்னு ஒண்ணு வருதே, ஊரு பூராச் சுத்தீட்டு வந்த அழுக்கு, அதைய அனுப்பறவனும் மனுசன்தானா? சொந்தமா ரெண்டு வார்த்தை எழுதத் துப்பில்லாத ஜனம். நான் அப்படி இல்ல. வீடுன்னு ஒரு தலைப்புப் போட்டு, அதுக்கடியில ஒவ்வொண்ணா எழுதி வெச்சேன். வீடு ஒண்ணு, வர நேரமாகும். வீடு ரெண்டு, சாப்பாடு நல்லா இருந்துச்சு. வீடு மூணு, கோவிச்சுக்காத. வீடு நாலு, கல்யாண நாளு. அப்படிப் போகும்.

என்னுங்க சிரிக்கறீங்க? எல்லாம் நானே எழுதுனதுங்க. ஒரு வார்த்தை இரவல் கெடையாது.

இப்படி ஒழுங்கா ஓடீட்டு இருந்துச்சு. எங்க மேனேஜர் ஹேமலதா மேடம் கண்ணுல பட்டுச்சு, அன்னிக்குப் புடிச்சுது கெரகம். நான் டக்குடக்குன்னு பதில் போடறதைப் பின்னால நின்னு பாத்துட்டு, "மூர்த்தி, இது என்ன, எல்லாருக்கும் குடுங்களேன்"னாங்க. குடுத்தேன். கிளியும் அது வெச்சிருக்கற சீட்டும் ஒரே போல்டர்ல இருக்கும். போல்டரை அப்படியே அனுப்பீட்டேன். அடுத்த நாளு ஆபீஸ் பூரா ஒரு மெயிலு, 'நம் குழு உருவாக்கிய புதிய கருவி'ன்னு. எந்தக் குழு? நான் வீட்டுல ஒக்காந்து சனி ஞாயிறெல்லாம் மண்டையை ஒடைச்சுட்டு இருந்தப்ப எந்தக் குழு வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு? அந்த மெயில்ல என்ற பேரு இல்லீங்க.

அதையாவது பொறுத்துக்குவேன். வீடும் சேந்து போயிருச்சே.

என்ற தப்புங்கறீங்களா? ஏனுங்க, ஒருத்தன் வீட்டுக் கதவு தெறந்து கெடந்தா, வந்தவன் திண்ணையோட நிக்காம சமையக்கட்டு வரைக்கும் போயி சட்டியத் தெறந்து பாக்கறதா? வேலைக்குக் குடுத்தா வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கோணும். நம்ம ஜனத்துக்கு அந்த நாணயம் எங்க இருக்குது?

மொதல்ல ஒரு புள்ளை, புதுசாச் சேந்தவ, அவ ஒரு காரியம் பண்ணுனா. சத்தியமங்கலத்துல ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு, வீட்டுக்கு வந்து பாக்கறேன்னு சொன்ன மெக்கானிக் வரலைன்னு கடுப்புல எழுதியிருந்தாரு. அந்தப் புள்ளை வீட்டுக்குப் போயிச் சரி பண்ற வேலைக்குத்தான் வீடுன்னு தலைப்புப் போலன்னு நெனச்சு, வீடு மூணை எடுத்து, அவரு பேரையும் போட்டு, படிச்சுக்கூடப் பாக்காம அனுப்பீட்டா. 'ராமசாமி, கோவிச்சுக்காத கண்ணு. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சா எனக்கு வேலையே ஓடறதில்ல. ஞாயித்துக்கெழமை கட்டாயமாக் கூட்டீட்டுப் போறேன்.' அந்த மனுசன் திருப்பி எழுதுனாரு பாருங்க. 'யாரடா கண்ணுங்கிறாய்? எனக்கு எழுபது வயதாகிறது. கிரைண்டரைச் சரிசெய்ய வராமல் என்னை எங்கே கூட்டிப் போகிறாய்?'

சிரிங்க, சிரிங்க. ஆபீஸே சிரிச்சுது. நான் சிரிக்கலீங்க. சுகந்திக்கு எழுதுனதைக் கொண்டு போயி ஒரு கெழவனுக்கு ஊட்டீட்டாளே, எனக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல. உடனே போயி மேடத்துகிட்டச் சண்டை போட்டு வீட்டை எடுக்க வெச்சேன். எடுத்தாச்சுன்னாங்க. ஆனா அதுக்குள்ள ஒவ்வொருத்தன் கம்ப்யூட்டர்லயும் ஒரு நகலு எறங்கியாச்சே. அதைய ஆரு அழிப்பா?

பல்லடம் தாண்டிருச்சா? செரி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க. ஜன்னல் வழியா எவனோ துப்பறான். ச்சை!

ஆயுத பூஜை வந்துச்சுங்க. எங்க கம்பெனியில ஆயுத பூஜைன்னா குடும்பத்தோட வரோணும். கிரைண்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசல்ல வாழைக்கன்னு, பொரி, சுண்டல். கீபோர்டுல சந்தனத்தை அப்பி வெச்சுட்டுப் போயிருவானுக, மறுநாள் எழுத்தே அழுந்தாது. பொம்பளைங்கெல்லாம் கிரைண்டர் பூட்டற அசெம்பிளிக் கூடத்துல பாயைப் போட்டு ஒக்காந்து பேசீட்டு இருந்தாங்க. நான் சுண்டல் பொட்டலத்தை வெச்சுட்டுத் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். சுண்டல் திங்கறதுக்கில்ல. வேண்டாம்னா சாமி பிரசாதம்பாங்க, அதுக்காகக் கையில வெச்சிருந்தேன்.

எங்கூட ரங்கராஜ்னு ஒருத்தன். வாயைத் தெறந்தா பான்பராக்கு. அவன் பொண்டாட்டி பிரபா, சுகந்திக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா. அந்தப் புள்ளைக்கு மொகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, எங்கூட்டுக்காரரு வாயில நல்ல வார்த்தையே வராதுங்கக்கா. கல்யாண நாளுக்கு என்ன அனுப்புனாரு பாருங்க. நான் அழுதே போட்டேன்"னு போனை எடுத்துப் படிச்சா.

"பிரபா, நீ காலையில அடுப்படியில பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டாத்தான் எனக்கு இது வீடு..."

அது என்ற வீடு நாலுங்க!

அந்தப் புள்ளை அடுத்த வரி படிக்கறதுக்கு முன்னாலயே சுகந்தி சொல்றா, போனைப் பாக்கல, எங்கயோ பாத்துட்டுச் சொல்றா: "அந்தச் சத்தம் இல்லாத நாளு எனக்கு லீவு நாளில்ல, வெறும் நாளு."

பிரபா வாயைப் பொளந்துட்டா. "ஏங்கக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுகந்தி தலையத் திருப்பி என்னைப் பாத்தா. அவ்வளவுதான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா ரங்கராஜ்கிட்டப் போனேன். சாமி கும்பிட்டுட்டு இருந்தவனைச் சட்டையப் புடிச்சு இழுத்து, "ஏண்டா, அடுத்தவன் பொண்டாட்டிக்கு எழுதுனதை எடுத்து உன்ற பொண்டாட்டிக்குக் குடுக்கறயே, வெக்கமா இல்ல? நான் வாயில வெச்சதை எடுத்து அவளுக்கு ஊட்டற, எச்சி பொறுக்கி!"ன்னு கேட்டேன். அத்தனை பேரும் பாத்தாங்க. பாக்கட்டும். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? பான்பராக்கை ஒதுக்கீட்டு, மெதுவா, "சும்மாத்தானுங்க இருந்துச்சு. அவ சந்தோசப்பட்டா. அதுல என்ன கொறைஞ்சு போச்சு?"ங்கறான். என்ன கொறைஞ்சு போச்சாமா! இவனுக்கெல்லாம் நான் எங்க போயி வெளக்கறது? அது ஒருத்திக்குன்னு எழுதுனதுடா, அதைய எடுத்து இன்னொருத்திக்குப் போட்டா ரெண்டு பேரையும் கேவலப்படுத்தறதுடான்னு சொன்னேன். செவிடன் காதுல ஊதுன சங்கு.

வீட்டுக்கு வந்தமுங்க. வீட்டுக்கு வந்ததும், "அந்தக் கிளியைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னா.

நெசமாச் சொல்றனுங்க, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். கல்யாணமான நாளா நான் என்ன வேலை செய்யறேன்னு அவ ஒரு தடவை கேட்டதில்ல. தெறந்து காட்டுனேன். இப்படித் தேடோணும், இப்படிச் சேக்கோணும், இந்தக் கோட்டுலதான் பேரு ஒக்காரும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அவ சேலைத் தலைப்பைப் புடிச்சுட்டு, குனிஞ்சு ஒவ்வொண்ணாப் படிச்சுட்டே வந்தா. வீடு ஏழுல நின்னா. அப்பறம் மேல ஏத்திப் பாத்தா. திரும்பக் கீழ வந்தா.

"இது ஏன் ரெண்டு எடத்துல இருக்குது?"ன்னு கேட்டா.

அது அவங்கப்பா செத்தப்ப அனுப்புனதுங்க. மாமனாரு போனது மாசக் கடைசி, என்னால அன்னிக்கே கெளம்ப முடியல, மறுநாள்தான் போனேன். அதுக்காகச் சும்மா இருக்கலீங்க, அந்த வேலைக்கு நடுவுலயும் நல்லதா ஒண்ணு அனுப்பி வெச்சேன். 'இத்தனை வருஷம் உங்க வீட்டோட வீடா உழைச்சவரு ஒருநாள் சொல்லாம கொள்ளாமப் போயிட்டாருன்னா, அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நான் இருக்கேன்.'

ஆமாங்க. அதேதான். பல்லடத்து அம்மாவுக்கு எழுதுனதுதான். வாரண்டி வரிய மட்டும் எடுத்துட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நல்ல வாக்கியமுங்க அது. மெஷினுக்கும் பொருந்துது, மனுசனுக்கும் பொருந்துது. அப்படி ஒண்ணு எழுதறது லேசுன்னு நெனச்சீங்களா? அதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

அவ சொன்னா, "அன்னிக்கு எங்கப்பாவை நடு வீட்டுல கெடத்தியிருந்துச்சு. நான் இதையத்தான் எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். எங்கம்மா அந்த அழுகையிலயும், மாப்பளைக்கு எத்தனை மனசு பாரு கண்ணுன்னு சொல்லுச்சு."

"அதையத்தான நானும் சொல்றேன். நல்லா இருந்துச்சுல்ல?"ன்னேன்.

அப்பறம், "அதைய மூடுங்க. மூடீட்டு எங்கிட்ட ஒண்ணு சொல்லுங்க"ன்னா.

"என்ன சொல்லோணும்?"

"எதையாச்சும். எங்கிட்ட மட்டும் சொல்றதா ஒண்ணு."

"எதைப் பத்தி?"ன்னு கேட்டனுங்க. ஏனுங்க, தலைப்புத் தெரிஞ்சாத்தான வரும்? திடுதிப்புன்னு எந்திரிச்சு நின்னு பேசுன்னா ஆருக்கு வரும்? நான் யோசிச்சேன். நெசமாவே யோசிச்சேன். குக்கரு விசிலு அடிச்சுட்டே இருந்துச்சு. அவ போயி அடுப்பை அணைச்சுட்டு வந்து திரும்பவும் எம்முன்னால நின்னா. "கொஞ்சம் டைம் குடு சுகந்தி, நல்லதா எழுதித் தர்றேன்"னேன்.

அதுல என்னங்க தப்பு? மட்டமா ஒண்ணைச் சொல்லி வெக்கறதை விட நேரம் எடுத்து நல்லதாக் குடுக்கறது மேலில்லையா? அவ உள்ள போயி பெட்டியக் கட்டுனா.

அன்னிக்கு வெள்ளக்கோயில் போனவதான். நான் போன் பண்ணுனா எடுக்கல. செரின்னு மெசேஜ் அனுப்புனேன். கிளிகிட்ட இருந்து எடுக்கலீங்க, புதுசா எழுதி, ரெண்டு தடவை திருத்தி அனுப்புனேன். பதிலு வந்துச்சு. என்ன பதிலு தெரியுங்களா?

'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் புகார் பெறப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி.'

எடுத்துட்டுப் போயிருக்கறாளுங்க! அன்னிக்கு நான் காட்டுனப்பவே போன்ல படம் புடிச்சிருக்கறா. நான் கோவமா ஒண்ணு போட்டேன். அதுக்கு வந்துச்சு, 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இதே பிரச்சினை தொடர்ந்தால் மீண்டும் எழுதவும்.' படிச்சதும், ஈவு எரக்கம் இல்லாத வார்த்தை, எந்த மடையன் எழுதுனானோன்னு வாய் விட்டே திட்டீட்டேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான்தான் எழுதுனேன்னு. அது கெடக்கட்டும். என்ற வார்த்தைய எடுத்து என்ற மூஞ்சியிலயே துப்பறது எந்த ஊரு மரியாதைங்க? புருசன் பொண்டாட்டிக்குள்ள இப்படியா பேசிக்குவாங்க? ரங்கராஜுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

வீடு கெடக்கற கெடப்பைக் கேக்காதீங்க. கடையில வாங்கித் திங்கறேன். எவன் கை பட்டதோன்னு ஒவ்வொரு வாய்க்கும் ஒமட்டுது. காலையில எந்திரிச்சா அடுப்படியில சத்தமே இல்ல. அது என்னமோ ஒரு மாதிரி இருக்குதுங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

என்ன? வீடு நாலா? ஆமா, அதுலயும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அது வேறங்க. அது வாக்கியம்.

நேத்து மச்சினன் லோகநாதன் கூப்புட்டான். "மச்சான், நாளைக்கு நேர்ல வாங்க. அக்கா வாசல்ல நிக்கும். கையில போனு, அந்த லேப்டாப்பு டப்பா ஒண்ணும் இருக்கக் கூடாதாமா. வாயில சொல்லோணுமாமா. நல்லா இருக்கோணும்னு இல்லையாமா, அக்காவுக்குன்னு சொல்றதா இருந்தாப் போதுமாமா. சொல்லீட்டா அப்பவே உங்ககூடக் கெளம்பி வந்துருமாமா. இல்லீன்னா ஞாயித்துக்கெழமை டெம்போ எடுத்துட்டு வந்து சாமானை ஏத்திக்கறோம்"னு சொல்றான். பேசி முடிச்சாச்சுங்க அவங்க. இன்னிக்கு நான் வாசல்ல நின்னு என்ன சொல்றேங்கறதுலதான் இருக்குது, என்ற குடும்பம் இருக்குதா இல்லையாங்கறது.

சூலூர்ல இருந்து யோசிச்சுட்டே வர்றேன். ஒண்ணு தோணுனா அது ஏற்கெனவே வீடு மூணுல இருக்குது. இன்னொண்ணு தோணுனா அது மன்னிப்பு ரெண்டு. காங்கேயம் வந்துருச்சு, கையில ஒரு வரி இல்ல.

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? சும்மா சொல்லுங்க. உங்கூட்டுல ஒரு தடவையாவது கோவிச்சுட்டுப் போயிருப்பாங்கல்ல? முத்தூருக்கா? நீங்க போயி என்ன சொன்னீங்க?

என்னது? கடலைய முழுங்கீட்டுச் சொல்லுங்க. 'நீ இல்லாம சோறு எறங்கல, வா போலாம்.' அவ்வளவுதானா? செருப்பைக்கூடக் கழட்டாம, வாசல்ல நின்னு? வந்துட்டாங்களா? அப்பவேவா?

இருங்க. இருங்க, இதைத் தெறந்துக்கறேன். இன்னொருக்காச் சொல்லுங்க. 'நீ இல்லாம', செரி, 'சோறு எறங்கல'. 'வா போலாம்'. நடுவுல புள்ளியா, காற்புள்ளியா? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க வாயிலதான சொன்னீங்க. பரவால்லீங்க, நானே போட்டுக்கறேன். சின்னதா இருக்குது, ஆனா நல்லா வேலை செய்யற வாக்கியம். 'கிளி சேர்' போட்டாச்சு. வீடு பன்னண்டு. பத்தரமா இருக்கும் இனி.

அட, பொண்டாட்டிகிட்டச் சொல்லப் போறதை எதுக்குச் சேத்து வெக்கறேன்னா? ஏனுங்க, அவ இன்னொருக்காக் கோவிச்சுட்டுப் போகமாட்டான்னு என்ன நிச்சயம்?

பயப்படாதீங்க, டப்பாவைக் கையில வெச்சுட்டுப் போகமாட்டேன். பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன்கிட்டக் குடுத்துட்டு, மனப்பாடம் பண்ணீட்டுப் போறேன். தொண்டையெல்லாம் வறண்டு கெடக்குது. அந்தத் தண்ணி பாட்டலைக் குடுங்க. வாய் வெச்சுக் குடிச்சீங்களா? அட, இருந்துட்டுப் போகுது, குடுங்க.

கண்டக்டர் கூப்புடறாரு, வெள்ளக்கோயிலு. ஒரே ஒருக்காச் சொல்றேன், செரியா வருதான்னு பாருங்க. 'நீ இல்லாம சோறு எறங்கல. வா, போலாம்.' வந்துச்சுங்களா? நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சுல்ல?

என்னுங்க? அவ பேரைச் சொல்லலையா? அட, அது முன்னாடி கோடு போட்டு வெச்சிருக்கறனுங்க. வாசல்ல போயி நெரப்பிக்கறேன்.